மணவறைக்குப் போகும் வழியில் ஒரு ரவுட்டர்

என் கல்யாணத்தன்று காலை. ஒரு கண்ணுக்கு மை தீட்டியாயிற்று, மற்றக் கண்ணுக்கு இன்னும் தீட்டவில்லை. அலங்காரம் செய்ய வந்த பெண் என் தாடையைப் பிடித்து அசையவிடாமல் வைத்திருந்தபோது, மணமகள் அறைக் கதவு ஒரு விரல் அளவுக்குத் திறந்தது. ஆண்கள் யாரும் உள்ளே வரக்கூடாது என்று அம்மா உத்தரவு போட்டிருந்ததால் சித்தப்பாவின் குரல் மட்டும் உள்ளே வந்தது.

“பாப்பா, அந்தப் பொட்டியில ரீசெட்டுனு எழுதியிருந்துச்சு. நான் லேசா ஒரு குத்துத்தான் குத்தினேன்.”

எந்தப் பெட்டி என்று நான் கேட்கவில்லை. அந்த மண்டபத்தில் அப்படி எழுதியிருக்கிற பெட்டி ஒன்றுதான். அதை அங்கே மாட்டியதே நான்தான்.

நான் மாத்தளை நகரத்தில் ஒரு சின்னக் கடையில் வேலை செய்கிறேன். வீடுகளுக்கும் கடைகளுக்கும் இணைய இணைப்பைச் சரிசெய்து கொடுப்பது, கேமரா பூட்டுவது, வைஃபை எட்டாத அறைக்கு அதை எட்ட வைப்பது, இவைதான் எங்கள் வேலை. இரத்தோட்டைக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டத்திலிருந்து காலை பஸ்ஸில் இறங்கி, தோளில் வயர்ச் சுருளையும் கையில் டிரில் மெஷினையும் தூக்கிக்கொண்டு நான் ஏறாத கூரை டவுனில் குறைவு. இந்தக் கல்யாண மண்டபத்தின் அலுவலக அறையிலும் நான்தான் ஏணி வைத்து ஏறி, கூரையை ஒட்டின மாதிரி ரவுட்டரைப் பூட்டினேன். யாருடைய கையும் எட்டக்கூடாது என்றுதான் அத்தனை உயரம். சித்தப்பா ஏணி தேடிக் கண்டுபிடிப்பார் என்று நான் கணக்கில் எடுத்திருக்கவில்லை.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. எல்லாம் அக்காவுக்காக.

என் ஒரே அக்கா ஓமானில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். நான் பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது போனவள். கல்யாணத்துக்கு வருவதாகத்தான் எல்லாம் பேசி வைத்திருந்தோம். அங்கே வயதான எஜமானியம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்ள, அக்காவின் லீவு அதோடு போயிற்று. அதற்கு ஈடாக, கல்யாணக் காலையில் அவளை யாரும் எந்த வேலைக்கும் கூப்பிட மாட்டோம் என்று அந்த வீட்டு மகள் சொல்லியிருந்தாள். “நான் பாக்காம கழுத்த நீட்டிராதடி” என்று அக்கா முதல் நாள் என்னிடம் விளையாட்டாகச் சொன்னாள். சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள். அது விளையாட்டு இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

ஆகவே மணவறைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய டீவியை நிறுத்தி, அதில் அக்காவின் முகம் தெரியவும், வீடியோக்காரரின் கேமராவில் தெரிவது அக்காவுக்குத் தெரியவும் ஏற்பாடு செய்திருந்தோம். ஒரே சிக்கல், அந்த மண்டபம் ரோட்டு மட்டத்துக்குக் கீழே, சரிவை வெட்டி இறக்கிக் கட்டியது. படி இறங்கியதும் எல்லாருடைய போனிலும் சிக்னல் செத்துவிடும். உள்ளே இருக்கிறவருக்கு வெளி உலகத்தோடு தொடர்பு வேண்டுமென்றால் மண்டபத்து வைஃபையை விட்டால் வேறு வழியில்லை.

டீவியின் பொறுப்பு சித்தப்பாவுடையது. காலையில் ஒத்திகை பார்த்தபோது அக்காவின் முகம் வாயைத் திறந்தபடியே அப்படியே நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகியிருக்கும். ஆனால் தன் அண்ணன் மகள் அத்தனை பேருக்கு முன்னால் வாயைத் திறந்துகொண்டு நிற்பதைச் சித்தப்பாவால் பார்க்க முடியவில்லை. பூ அலங்காரக்காரரிடம் ஏணியை வாங்கினார், சித்தியின் சேலையிலிருந்து ஊசியைக் கழற்றினார், ஏறினார், குத்தினார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ரீசெட் என்றால் அணைத்துவிட்டுத் திரும்பப் போடுவது இல்லை. ரவுட்டருக்குள் நாம் எழுதி வைத்த அத்தனையும் ஒரே குத்தில் அழிந்துபோகும். வைஃபையின் பெயர், அதன் கடவுச்சொல், இணையக் கம்பனிக்காரன் கொடுத்த பயனர் பெயர், கேமராக்களின் எண்கள், எதுவும் மிஞ்சாது. பெட்டி கம்பனியிலிருந்து வந்த அன்றைய நிலைக்குப் போய், தான் எந்த ஊரில் இருக்கிறோம் என்றுகூடத் தெரியாமல் முழிக்கும். ஆனால் நாம் எழுதியதையெல்லாம் முன்கூட்டியே ஒரு சின்னக் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். அதுதான் பேக்கப். அந்தக் கோப்பைத் திரும்ப உள்ளே ஏற்றிவிட்டால் பெட்டிக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிடும். நான் எந்த இடத்தில் வேலை முடித்தாலும் கிளம்புவதற்கு முன் அந்தக் கோப்பை எடுத்து என் மின்னஞ்சலுக்கே அனுப்பிவிடுவேன். பல் துலக்குவது போல ஒரு பழக்கம்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. தாடையைப் பிடித்திருந்த பெண் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். நான் கதவுப் பக்கம் திரும்பிச் சொன்னேன்.

“பயப்படாதீங்க சித்தப்பா. பேக்கப் இருக்கு.”

சித்தப்பாவுக்கு அது என்னவென்று விளங்கவில்லை, ஆனால் இருக்கிறது என்பது விளங்கியது. அவர் நேரே மண்டபத்துக்குள் போய், பேக்கப் இருக்கிறதாம், பேக்கப் இருக்கிறதாம் என்று வரிசை வரிசையாகச் சொல்லிக்கொண்டே நடந்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் பெரியத்தை அம்மாவிடம் வந்து, அந்த பேக்கப் என்கிறவர் எந்த ஊரிலிருந்து வருகிறார், பஸ்ஸிலா ஆட்டோவிலா, அவருக்கும் சேர்த்துச் சாப்பாடு சொல்ல வேண்டுமா என்று விசாரித்தார். அம்மா என்னைப் பார்த்த பார்வையில், நீதான் போய்ப் பதில் சொல் என்று இருந்தது.

பேக்கப் என் மின்னஞ்சலில் இருந்தது. மின்னஞ்சலைத் திறக்க சிக்னல் வேண்டும். சிக்னல் மேலே ரோட்டில் இருந்தது. யாரிடமாவது போனைக் கொடுத்து அனுப்பலாம்தான். ஆனால் அந்த மின்னஞ்சலில் டவுனில் பாதிக் கடைகளின் கோப்புகள் குவிந்து கிடந்தன. அதற்குள் தேடி எடுப்பது எனக்கே கஷ்டம். நான் எழுந்தேன். பட்டுச் சேலையின் கொசுவத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சடை நிறையத் தைத்த பூ முதுகில் அடிக்க, சமையல்கட்டு வழியாகப் பின்படியில் ஏறினேன். அம்மா பின்னாலேயே ஓடி வந்தாள். மையில்லாத கண்ணோடு ரோட்டுக்குப் போகாதே என்றாள். ஒரு கண்ணை மூடிக்கொள்கிறேன் என்றேன்.

ரோட்டில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. சிக்னலுக்காகப் போனை நெற்றிக்கு மேலே தூக்கிக்கொண்டு மதில் ஓரமாக நின்றேன். இரத்தோட்டை பஸ் ஒன்று டவுனுக்கு வந்துகொண்டிருந்தது. நான் தினமும் வருகிற அதே பஸ். டிரைவர் என்னைக் கண்டதும் வேகத்தைக் குறைத்தார். கொண்டக்டர் படியில் தொங்கியபடி, இன்றைக்குமா வேலைக்குப் போகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். ஆமாம், இன்றைக்கும் வேலைதான் என்று நானும் சிங்களத்திலேயே சொன்னேன். பஸ்ஸின் என் பக்கத்து ஜன்னல்கள் முழுக்கத் தெரிந்த முகங்கள். எல்லாரும் கையை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன், ஆட்டினதில் கைபேசி சிக்னலை விட்டுவிட்டது, திரும்பவும் தேட வேண்டியதாயிற்று.

கோப்புகள் ஒருவழியாகக் கிடைத்தன. மண்டபத்தின் பெயரில் இரண்டு இருந்தன. முதன்முதலில் பூட்டிய அன்று எடுத்தது ஒன்று, அண்மையில் எடுத்தது ஒன்று. புதியதைத்தானே எடுக்க வேண்டும். அதை இறக்கினேன். அது இறங்கி முடிகிற நேரத்தில் நாதஸ்வரச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், மாலை போட்டு அலங்கரித்த வேன் ஒன்று மதிலோரம் வந்து நிற்கிறது. மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள்.

மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லவில்லை. ஊர் பல்லேபொல பக்கம். ஆரம்பப் பாடசாலையில் ஆசிரியர். பெரியவர்கள் பேசி முடித்த சம்பந்தம். நிச்சயம் ஆனதிலிருந்து இருவரும் போனில் பேசிக்கொண்டுதான் இருந்தோம், ஆனால் அதைப் பேச்சு என்று சொல்ல முடியாது. சாப்பிட்டீங்களா என்று அவர் கேட்பார். சாப்பிட்டேன், நீங்க என்று நான் கேட்பேன். மழையா என்று அவர் கேட்பார். இங்கே தூறல், அங்கே என்பேன். பிறகு இருவரும் மரியாதையாகப் போனை வைத்துவிடுவோம். நல்லவராகத் தெரிந்தார். அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. வாழ்நாள் முழுக்கச் சாப்பாட்டையும் மழையையும் பற்றியே பேசிக்கொண்டிருக்கப் போகிறோமோ என்று ஒரு கவலை உள்ளுக்குள் இருந்தது.

அந்த ஆள் பட்டு வேட்டியோடு வேனிலிருந்து இறங்கி, தன் மணமகள் ரோட்டோரத்தில் ஒற்றைக் கண்ணுக்கு மையோடு போனைத் தூக்கிப் பிடித்து நிற்பதைப் பார்த்தார். நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா வேனுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, பொண்ணு எங்கே போகப் பார்க்கிறது என்று கேட்டது எனக்கே காதில் விழுந்தது. ஓடிப்போவதாக நினைத்திருக்க வேண்டும். நினைத்தால் தப்பில்லை.

மாப்பிள்ளை மட்டும் கிட்ட வந்தார்.

“என்னாங்க, ஏதாச்சும் பிரச்சினையா?”

நான் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். சித்தப்பா, ஊசி, ரீசெட், அக்கா, பேக்கப். நிறுத்தினால் சிரித்துவிடுவேன் என்று பயமாக இருந்தது. அவர் வகுப்பில் பிள்ளை சொல்வதைக் கேட்கிற மாதிரித் தலையைச் சாய்த்துக் கேட்டார். முடித்ததும், சாப்பிட்டீங்களா என்று கேட்கப் போகிறார் என்று எதிர்பார்த்தேன்.

“சரி, இப்ப நான் என்னா செய்யணும்?” என்றார்.

“ஏணியில ஏறணும்” என்றேன்.

அவருடைய அம்மாவுக்கு இது சம்மதமில்லை. மாலை மாற்றுவதற்கு முன்னால் பொண்ணும் மாப்பிள்ளையும் ஒரே அறையில் நிற்கக்கூடாது என்றார். அவர் தன் அம்மாவிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார். என்ன சொன்னார் என்று பிறகு கேட்டபோது, அக்காவைப் பற்றிச் சொன்னதாகச் சொன்னார். அந்த அம்மா கையிலிருந்த குடையை விரித்து என் தலைக்கு மேலே பிடித்து, பூ நனையுது, கீழே வா என்று படியிறங்கச் சொன்னார். எங்களோடு அவரும் அலுவலக அறைக்கு வந்தார். காவலுக்கு என்று நினைக்கிறேன்.

அறையில் ஏணியைப் பிடித்தபடி சித்தப்பா குற்றவாளிக் கூண்டில் நிற்பது போல நின்றார். மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிற நானாவும் இருந்தார். நான் வேலைக்குப் போகத் தொடங்கிய காலத்திலிருந்தே என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுகிற முஸ்லிம் மனிதர்; நானா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். இன்றைக்கு உங்களுக்கு வேலை இல்லை என்று நினைத்தேனே தங்கச்சி என்று வருத்தப்பட்டார்.

எல்லாம் அழிந்துபோன ரவுட்டரோடு பேச வேண்டுமென்றால், அதன் அடியில் கம்பனிக்காரன் ஒட்டி அனுப்பிய சின்ன ஸ்டிக்கரைப் படிக்க வேண்டும். ஆரம்பக் கடவுச்சொல் அதில்தான் இருக்கும். எறும்பைவிடச் சின்ன எழுத்து. சித்தப்பாவின் மூக்குக் கண்ணாடி தோட்டத்து வீட்டில் இருந்தது. அதுவுமில்லாமல் அவரைத் திரும்ப அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் விட யாருக்கும் மனமில்லை. மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டினார், போன் லைட்டை வாயில் கவ்வினார், ஏறினார். கழுத்தை முறுக்கி ரவுட்டருக்கு அடியில் தலையை விட்டார். நான் கீழே போனோடு நின்றேன்.

லைட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவர் படிக்க ஆரம்பித்தார். ஆசிரியர் அல்லவா, சொல்வதெழுதுதல் போலவே படித்தார். பெரிய பி. சின்ன கியூ. ஏழு. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு இடைவெளி. எழுதிட்டீங்களா என்று கேட்காத குறைதான். நான் ஒவ்வொன்றாகத் தட்டி இணைத்துப் பார்த்தேன். கடவுச்சொல் தவறு என்றது.

திரும்பவும் படித்தார். திரும்பவும் தவறு.

நடுவில வர்ற வட்டம் ஓவா பூச்சியமா என்று கேட்டேன். ஓ மாதிரித்தான் தெரிகிறது என்றார். மெலிந்த வட்டமா உருண்ட வட்டமா என்றேன். மெலிந்த ஓ என்றார். ஓவில் மெலிந்த ஓ கிடையாது என்றேன். என் வகுப்புப் பிள்ளைகள் எழுதுகிற ஓ எல்லாம் மெலிந்ததுதான் என்றார். அதைக் கேட்டதும் நான் மரியாதையை மறந்துவிட்டேன்.

“அது பூச்சியம்தான். கண்ண நல்லாத் தொறந்து பாருங்க.”

“ஏய், நீ வேணும்னா ஏறிப் பாரு. எனக்கு ஓ தான் தெரியுது.”

அவருடைய அம்மா குடையை மடக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்தினார். அதுவரை நீங்க நீங்க என்றே பேசி வந்த மனிதர், நீ என்று சொல்லிவிட்டதை அவரே மேலே நின்றுகொண்டு உணர்ந்து, முகம் சிவந்து, ரவுட்டருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்த்தார். எனக்கு ஏனோ நெஞ்சுக்குள் பலூன் விட்ட மாதிரி இருந்தது. பூச்சியத்தைப் போட்டுத் தட்டினேன். இணைந்துவிட்டது. நான் தலையை நிமிர்த்தி, பூச்சியம் என்று மட்டும் சொன்னேன். அவர் சிரித்தார். அவர் சிரிக்கும்போது கன்னத்தில் ஒரு பக்கம் மட்டும் குழி விழும் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவர் சிரித்தே நான் அதுவரை பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு உள்ளே நுழைவது எனக்குக் கைவந்த வேலை. போனில் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, கோப்பைத் தேர்ந்து, ஏற்று என்ற பொத்தானைத் தட்டினேன். உடனே திரையில் எச்சரிக்கை வந்தது. ஏற்றி முடியும்வரை மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டாம். பாதியில் கரண்ட் போனால் பெட்டி கல்லாகிவிடும், பிறகு எந்த பேக்கப்பும் காப்பாற்றாது.

நான் அதை வாய்விட்டுப் படித்த அதே நேரத்தில், பக்கத்துச் சமையல்கட்டில் பெரிய கிரைண்டரைப் போட்டார்கள். அறையின் லைட் ஒருமுறை மங்கித் திரும்ப எரிந்தது. நானா பாய்ந்து போனார். அவர் அந்த வயதில் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. தேங்காய்ச் சம்பலுக்கு அரைப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டு, வந்து பிளக்கின் முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். சித்தப்பா ஏணியை விடாமல் கண்ணை மூடிக்கொண்டார். மாப்பிள்ளை ரவுட்டரைக் காய்ச்சல்காரக் குழந்தையைப் போல ஒரு கையால் அணைத்துப் பிடித்தபடி மேலே நின்றார். அவருடைய அம்மா எதற்கென்று தெரியாமலே கும்பிட்டார். வாசலில் ஐயர் அனுப்பிய ஆள் வந்து, நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது என்றார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ரவுட்டரின் லைட் எல்லாம் ஒருமுறை அணைந்தது. பிறகு ஒன்று பச்சையாக எரிந்தது. பிறகு அதற்குப் பக்கத்தில் ஒன்று. கடைசியாக, காலையிலிருந்து சிவப்பாக இருந்த இணைய லைட் கொஞ்சம் யோசித்து யோசித்துப் பச்சையானது.

மண்டபத்துக்குள் டிங் என்று ஒரு போன் அடித்தது. இன்னொன்று அடித்தது. பிறகு மழை பிடித்த மாதிரி வரிசை வரிசையாக டிங் டிங் என்று சத்தம். எனக்கு விளங்கவில்லை. கடவுச்சொல்லை யாருக்கும் கொடுக்காமலே எல்லாருடைய போனும் எப்படித் தானாக இணையும்? என் போனைப் பார்த்தேன். வைஃபையின் பெயர் வந்திருந்தது. மண்டபத்தின் பெயர் இல்லை. ஒரு பெண்ணின் பெயர், நடுவில் ஒரு சிவப்பு இதயம், ஒரு ஆணின் பெயர். அது நானும் இல்லை, ஏணியில் நின்றவரும் இல்லை.

நானா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“தங்கச்சி, இது போன மாசம் நடந்த கல்யாணத்து ஜோடி.”

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அந்த ஜோடி வைஃபையில் தங்கள் பெயர் வர வேண்டும் என்று ஆசைப்பட்டு எங்கள் கடைக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் வந்து பெயரை மாற்றினேன், பழக்கத்தில் பேக்கப் எடுத்தேன், போய்விட்டேன். கல்யாணம் முடிந்து பழைய பெயரைத் திரும்பப் போட்டது எங்கள் கடையில் வேறொருவர். அவருக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஆக என் கடைசி பேக்கப்பில் இருந்தது அவர்களுடைய கல்யாண நாள். மாத்தளையில் ஒருவர் கல்யாணத்துக்கு வந்தவர்கள்தானே அடுத்தவர் கல்யாணத்துக்கும் வருகிறார்கள். அத்தனை பேரின் போன்களும் பழைய சிநேகிதத்தில் பாய்ந்து போய் ஒட்டிக்கொண்டன.

எனக்கு அடக்க முடியவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மை தீட்டிய கண்ணிலிருந்து கறுப்பாகத் தண்ணீர் வழிந்தது. மேலேயிருந்து என்னவென்று கேட்டவரிடம் போனைத் திருப்பிக் காட்டினேன். அவர் சிரிக்கச் சிரிக்க ஏணி ஆடியது, ஏணி ஆட ஆடச் சித்தப்பா கத்தினார். சித்தப்பாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இது அந்த ஜோடியின் இன்டர்நெட் என்றால் நாம் பாவிப்பதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா என்று மிகவும் கவலையோடு கேட்டார்.

பெயரை மாற்றலாம்தான். மாற்றினால் இன்னொரு முறை வைஃபை அணைந்து எரிய வேண்டும். ஐயரின் ஆள் இரண்டாம் முறையும் வந்துவிட்டார். டீவியை இந்தப் பெயரோடு இணைத்தால் போதும், விட்டுவிடுங்கள் என்று நான் சொன்னேன். மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் தலையாட்டினார். பெயரில் என்ன இருக்கிறது, பொண்ணு முகத்தைக் கழுவட்டும் என்றார்.

நான் மணவறைக்கு வந்தபோது டீவியில் அக்கா இருந்தாள். ஓமான் வீட்டின் சமையலறையில், பின்னால் வெள்ளை அலுமாரி தெரிய, அம்மா அனுப்பி வைத்த மாம்பழ நிறச் சேலையைக் கட்டி, தலை நிறைய பிளாஸ்டிக் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அங்கே இன்னும் நன்றாக விடியக்கூட இல்லை. அவளுடைய குரல் மண்டபத்து ஸ்பீக்கரில் இணைந்திருந்தது என்பது அவளுக்குத் தெரியாது. தங்கச்சி கூனாம உக்காரு என்றாள், அத்தனை பேருக்கும் கேட்டது. ஐயரே, கொஞ்சம் தள்ளி இருங்க, பொண்ண மறைக்கிறீங்க என்றாள். ஐயர் தள்ளி உட்கார்ந்தார். மாப்பிள்ளை வேட்டியில என்ன ஒட்டடை என்று கேட்டாள். அவர் குனிந்து பார்த்துத் தட்டிக்கொண்டார்.

தாலி கட்டக் குனிந்தவர், கெட்டிமேளச் சத்தத்துக்கு நடுவில் என் காதருகே வந்து, இது பூச்சியமா ஓவா என்று கேட்டார். அதனால்தான் எங்கள் கல்யாண ஆல்பத்தில் அந்த ஒரு படத்தில் மட்டும் நான் வாயைப் பிளந்துகொண்டிருக்கிறேன். பார்க்கிற எல்லாரும் பொண்ணுக்கு அழுகை வந்துவிட்டது போல என்பார்கள். நாங்கள் திருத்துவதில்லை.

அக்கா கடைசிவரை இருந்தாள். பந்தி நடந்தபோது சித்தப்பா கேமராவைத் தானே வாங்கி ஒவ்வொரு இலையாகக் காட்டிக்கொண்டு போனார். அக்கா அங்கே ஒரு கிண்ணத்தில் தனக்குச் சோறு போட்டுக்கொண்டு வந்து, எங்களோடு சேர்ந்து சாப்பிட்டாள். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். வாக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது. போய்ட்டு வாரேன் என்று அவள் எழுந்தபோது, அவள் உட்கார்ந்திருந்த கதிரை மட்டும் கொஞ்ச நேரம் டீவியில் தெரிந்தது. நான் இலையில் கை வைக்காமல் அந்தக் கதிரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை என் இலையில் தன் அப்பளத்தை வைத்தார். நான் தின்றேன்.

இப்போது நாங்கள் மாத்தளைக்குப் பக்கத்தில் பலாபத்வலையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். குடிவந்த கிழமையே ரவுட்டர் பூட்டினோம். அவர் ஏணி பிடித்தார், நான் ஏறினேன். வைஃபைக்கு என்ன பெயர் வைப்பது என்று ஒரு மாலை முழுக்கச் சண்டை போட்டு, முடிவில் பக்கத்து வீட்டு வைஃபையின் பெயரையே எடுத்து, பின்னால் அடுத்த எண்ணைப் போட்டு விட்டுவிட்டோம். எல்லாம் முடிந்ததும் அவர் ஆசிரியர் குரலில், பேக்கப் எடுத்தாச்சா என்று கேட்டார். எடுத்தேன். எங்கே வைப்பது என்று கேட்டார். உங்கள் போனில் ஒன்று, என் போனில் ஒன்று என்றேன். அது போதாது, ஒரு பிரதி வெளியூரில் இருப்பதுதான் பாதுகாப்பு என்று எங்கேயோ படித்ததாகச் சொல்லி, நான் தடுப்பதற்குள் அக்காவுக்கு அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை அக்காவிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்திருந்தது. சமையலறையில் தண்ணீர் ஓடுகிற சத்தத்துக்கு நடுவில் பேசினாள்.

“ராத்திரி ஏதோ அனுப்பியிருக்கீங்க, தொறக்கவே மாட்டேங்குது. வீட்டுப் படமா என்னான்னு தெரியல. பரவாயில்ல, அழிக்கல, வச்சிருக்கேன்.”

நாங்கள் இருவரும் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டோம். அவர் அன்றைக்குப் பாடசாலைக்குப் பிந்திப் போனார்.